நடுப்பருவத்து நம்பிக்கை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



மனித உள்ளம் எதனை விரும்புகிறது, விரும்பியதைப் பெறுவதற்கு எதனை இழக்க இசைகிறது என்னும் வினா இலக்கியத்தின் பழைய வினாக்களுள் ஒன்றாகும். காதலிலும் போரிலும் மட்டுமே அவ்வினா எழும் என்பதில்லை. விளையாட்டரங்கின் படிக்கட்டில் அமர்ந்து தம் அணியின் வெற்றிக்காக ஏங்கும் எளிய இரசிகரின் உள்ளத்திலும் அது எழுகின்றது. அமெரிக்க நாட்டுப் பேஸ்பால் ஆட்டத்தில் ஆண்டுதோறும் ஜூலைத் திங்களில் அவ்வினா எழும் விதம் எண்ணிப் பார்க்கத்தக்கது. அதனை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

பேஸ்பாலிலும் கிரிக்கெட்டைப் போலவே ஒருவர் பந்து வீச, மற்றொருவர் மட்டையால் அடிப்பார். அடித்தவர் மூன்று தளங்களைத் தொட்டுத் தாம் புறப்பட்ட தளத்தை மீண்டும் வந்தடைந்தால் அணிக்கு ஓர் ஓட்டம் சேரும். ஆட்டப் பருவமோ மிக நெடியது. வேனில் தொடங்கும் காலத்தில் ஆரம்பித்துச் செப்டம்பர் இறுதிவரை ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்கள் ஆடுகின்றது. பெரும்பாலும் நாள்தோறும் ஆட்டம் உண்டு. ஆகவே இரசிகருக்குத் தம் அணி என்பது என்றோ ஒருநாள் காணும் திருவிழா அன்று. மாலைதோறும் வீட்டிற்கு வந்துபோகும் உறவினரைப் போன்றது.

ஜூலை இறுதியில் ஏறத்தாழ நூறு ஆட்டங்கள் முடிந்திருக்கும். நாற்று நட்டுப் பாதி வளர்ந்த வயலில் பயிரின் நிறம் பார்த்தே குறையறியும் உழவரைப் போல, இரசிகரும் அப்போது தம் அணியின் குறையை அறிந்துவிடுகின்றார். பந்துவீச்சில் வலிமை போதாது. இடக்கை மட்டையாளர் ஒருவர் வேண்டும். இறுதி இன்னிங்ஸைக் காக்க ஆளில்லை என்றெல்லாம் அவர் கணக்கிடத் தொடங்குகின்றார். அந்நேரத்தில் ஒரு வாயில் திறந்திருக்கிறது. அணிகள் தமக்குள் வீரர்களைப் பரிமாறிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு ஒரு கெடு உண்டு. கெடு நாள் கடந்துவிட்டால், இருப்பவரை வைத்துக்கொண்டே எஞ்சிய பருவத்தைக் கடத்தியாக வேண்டும்.

இந்தக் கெடு பிறந்த வரலாறே சுவையானது. 1922ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி, ஜோ டூகன் என்னும் மூன்றாம் தளக் காவலரை நியூயார்க் யாங்கீஸ் அணிக்குக் கொடுத்தது. அவ்வாண்டு யாங்கீஸ் அணி, செயின்ட் லூயிஸ் பிரௌன்ஸ் அணியை ஒரே ஓர் ஆட்ட வேறுபாட்டில் முந்தி முதலிடம் பெற்றது. பருவத்தின் நடுவே பணபலம் உடையவர் ஆள் சேர்த்துக்கொள்வது முறையோ என்ற முறையீடு எழுந்தது. அதன் விளைவாக 1923 முதல் ஜூன் 15 கெடு நாளாயிற்று. 1986இல் அது ஜூலை 31 ஆக மாற்றப்பட்டது. அதன் பிறகும் சில கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு ஆகஸ்டு இறுதிவரை பரிமாற வழி இருந்தது. 2019 முதல் அவ்வழி அடைக்கப்பட்டுவிட்டது. இப்போது ஜூலை இறுதியிலோ ஆகஸ்டுத் தொடக்கத்திலோ அமையும் ஒரே நாளில் அனைத்தும் முடிந்துவிடுகின்றன.

கெடு நெருங்க நெருங்க இரசிகரின் நம்பிக்கை வளர்கின்றது. யாரைப் பெறலாம் என்று அவர் பட்டியல் இடுகின்றார். அப்பட்டியலை உற்று நோக்கினால் அதில் மூன்று வினாக்கள் அடங்கியிருக்கக் காணலாம். அணிக்கு எது இல்லை என்பது முதல் வினா. அது யாரிடம் இருக்கிறது என்பது இரண்டாம் வினா. அதற்கு ஈடாக எதனைக் கொடுப்பது என்பது மூன்றாம் வினா. முதல் இரண்டிற்கும் இரசிகர் விரைந்து விடை கூறுகின்றார். மூன்றாவதில் மட்டும் தயங்குகின்றார். பெறுவதைப் பற்றியே கனவு காணும் நம்பிக்கை முதிராத நம்பிக்கை; கொடுப்பதையும் எண்ணிப் பார்த்த நம்பிக்கையே முதிர்ந்த நம்பிக்கை. பாஸ்டன் நகரத்து அணியின் வரலாறு இதனை நன்கு விளக்குகின்றது.

1918ஆம் ஆண்டிற்குள் ஐந்து முறை உலகத் தொடரை வென்ற அணி பாஸ்டன் ரெட் சாக்ஸ். 1919 திசம்பரில் அதன் உரிமையாளர், பேப் ரூத் என்னும் பெருவீரரை ஒரு இலட்சம் டாலருக்கு யாங்கீஸ் அணிக்கு விற்க உடன்பட்டார். 1918ஆம் ஆண்டு வெற்றிக்குப் பின்னர் 86 ஆண்டுகள் அந்நகரம் உலகத் தொடரை வெல்லவில்லை. 1946, 1967, 1975, 1986 ஆகிய நான்கு ஆண்டுகளில் இறுதித் தொடரை எட்டியும், நான்கு முறையும் ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. ரூத்தின் சாபம் என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். தாத்தாவும் தந்தையும் பேரனும் ஒரே ஏக்கத்தைக் குடும்பச் சொத்தைப் போல வழிவழியாகப் பெற்ற ஊர் அது. அத்தகைய ஊரில் ஜூலைத் திங்கள் பிறந்தால் நம்பிக்கை எவ்வளவு கனத்திருக்கும் என்பதை அவையோர் எண்ணிப் பார்க்கலாம்.

1990ஆம் ஆண்டு அந்த அணி முதலிடத்திற்குப் போராடிக்கொண்டிருந்தது. இறுதிக்கட்ட ஓவர்களை வீசும் கிரிக்கெட் வீரரைப் போல, ஆட்டத்தின் பிற்பகுதியில் வந்து பந்துவீச ஒருவர் தேவைப்பட்டார். ஆகஸ்டு 30ஆம் நாள் ஹூஸ்டன் அணியிடமிருந்து லாரி ஆண்டர்சன் என்னும் 37 வயதுப் பந்துவீச்சாளரைப் பாஸ்டன் பெற்றது. ஈடாகக் கொடுக்கப்பட்டவர் ஜெஃப் பாக்வெல் என்னும் இளைஞர். பாஸ்டனில் பிறந்து, அவ்வணியையே நேசித்து வளர்ந்து, அவ்வணியின் மைனர் லீக்கில் ஆடிக்கொண்டிருந்தவர் அவர். அவர் ஆடிய மூன்றாம் தளத்தில் பாஸ்டனுக்கு வேட் பாக்ஸ் என்னும் புகழ்பெற்ற மட்டையாளர் ஏற்கெனவே இருந்தமையால், இளைஞரின் தேவை அன்று தெளிவாகத் தெரியவில்லை.

ஆண்டர்சன் தம் கடமையைச் செவ்வனே செய்தார். 15 ஆட்டங்களில் 22 இன்னிங்ஸ் பந்துவீசி மிகக் குறைந்த ஓட்டங்களையே கொடுத்தார். அணியும் இரண்டு ஆட்ட வேறுபாட்டில் தன் பிரிவை வென்றது. ஆனால் அடுத்த கட்டத்தில் ஓக்லண்ட் அணியிடம் நான்கு ஆட்டங்களிலும் தொடர்ந்து தோற்றது. குளிர்காலத்தில் ஆண்டர்சன் வேறு அணிக்குச் சென்றுவிட்டார். பாக்வெல்லோ 1991இல் சிறந்த புதுமுக வீரராகவும், 1994இல் நேஷனல் லீக்கின் தலைசிறந்த வீரராகவும் தேர்வு பெற்றார். ஹூஸ்டன் அணியிலேயே 15 பருவங்கள் ஆடி 449 ஹோம் ரன்கள் அடித்து, 2017இல் புகழ்மண்டபத்தில் இடம் பெற்றார். ஒரு மாதத்து வெற்றிக்காகப் பதினைந்து ஆண்டு விளைச்சலை விற்றது போலாயிற்று. விதைநெல்லைக் குற்றி உண்டவரின் நிலை இது.

ஏழாண்டுகளுக்குப் பின் அதே அணி எதிர்த்திசையில் நின்றது. 1997இல் வெற்றி வாய்ப்பு இல்லை என்பது ஜூலைக்குள் தெளிவாகிவிட்டது. அத்தகைய அணியின் இரசிகருக்குக் கெடு நாள் கசப்பானது. பிறர் வாங்க வரும் சந்தையில் தம் வீட்டுப் பொருளை விற்க நிற்கும் நிலை அது. அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் ஹீத்கிளிஃப் ஸ்லோகம் என்னும் பந்துவீச்சாளரைச் சியாட்டில் அணிக்குக் கொடுத்துவிட்டு, டெரெக் லோ, ஜேசன் வாரிடெக் என்னும் இரு இளைஞர்களைப் பாஸ்டன் பெற்றது. லோ பந்துவீச்சாளர், வாரிடெக், மட்டையாளருக்குப் பின்னால் அமர்ந்து பந்து பிடிப்பவர். அன்று அவ்விருவர் பெயரையும் அறிந்தோர் சிலரே. அறுவடையில்லாத ஆண்டில் நடப்பட்ட அவ்விரு கன்றுகளும் எப்போது காய்த்தன என்பதைப் பின்னர்க் காணலாம்.

இனி 2004ஆம் ஆண்டு. அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், யாங்கீஸ் அணிக்கெதிரான ஏழாவது ஆட்டத்தின் பதினோராவது இன்னிங்ஸில் பாஸ்டன் தோற்று, உலகத் தொடரின் வாயிலில் நின்று திரும்பியிருந்தது. அப்புண் ஆறாமலேயே புதிய பருவம் பிறந்தது. நல்ல மட்டையாளர்கள் இருந்தனர். நல்ல பந்துவீச்சாளர்கள் இருந்தனர். ஆயினும் ஜூலை இறுதியில் அணி 56 வெற்றியும் 46 தோல்வியுமாகத் தடுமாறிக்கொண்டிருந்தது. பொது மேலாளர் தியோ எப்ஸ்டைனுக்கு அப்போது வயது முப்பது. தடுப்பாட்டத்தில் உள்ள ஓட்டையே அணியை மூழ்கடிக்கும் என்று அவர் கருதினார்.

அத்தடுப்பின் நடுவே நின்றவர் நோமர் கார்சியாபாரா. இரண்டாம் தளத்திற்கும் மூன்றாம் தளத்திற்கும் இடையே காவல் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் என்னும் இடம் அவருடையது. 1997இல் சிறந்த புதுமுக வீரர். 1999, 2000 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்கன் லீக்கில் மட்டைச் சராசரியில் முதல்வர். மட்டை பிடிக்கும் முன் கையுறைகளை மீண்டும் மீண்டும் இறுக்கி, கால் நுனிகளை மாறி மாறித் தட்டும் அவர் வழக்கத்தை ஊர்ச் சிறுவர்கள் தெருவில் ஆடும்போது நடித்துக் காட்டினர். ஆனால் அவ்வாண்டு குதிகால் நரம்புக் காயத்தால் அவர் பருவத்தின் முதற்பகுதியை இழந்திருந்தார். ஒப்பந்தமும் அவ்வாண்டோடு முடியவிருந்தது. அதற்கு முந்தைய குளிர்காலத்தில் அவரை வேறு அணிக்கு அனுப்ப நடந்த முயற்சி கைகூடாமல் போயிருந்தது. அந்த வடு இருபுறமும் இருந்தது.

ஜூலை 31ஆம் நாள் நான்கு அணிகள் சேர்ந்த பரிமாற்றம் ஒன்றில் கார்சியாபாரா சிகாகோ கப்ஸ் அணிக்கு அனுப்பப்பட்டார். மான்ட்ரியால் அணியிலிருந்து ஆர்லாண்டோ கப்ரேரா அவர் இடத்திற்கு வந்தார். மினசோட்டா அணியிலிருந்து முதல் தளக் காவலர் டக் மின்கேவிச் வந்தார். பாஸ்டன் அணி அன்று மினசோட்டாவில்தான் ஆடிக்கொண்டிருந்தது. ஆகவே மின்கேவிச் ஊர் விட்டு ஊர் செல்லவேண்டிய தேவையே எழவில்லை. ஒரே அரங்கில் எதிரணியின் அறைக்கு நடந்து சென்று, உடைமாற்றி, நேற்றுவரை தோழராயிருந்தோரை எதிர்த்து அன்றிரவே ஆடினார். அதே நாளில் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியிடமிருந்து டேவ் ராபர்ட்ஸ் என்னும் விரைந்தோடும் வீரரும் பெறப்பட்டார்.

நகரம் அதிர்ந்தது. மாற்றம் வேண்டும் என்று ஜூலை முழுவதும் விரும்பிய இரசிகரே மாற்றத்தைக் கண்டு கலங்கினார். அவர் விரும்பியது வருகை, நிகழ்ந்ததோ பிரிவு. இம்முரண்பாடே இவ்வுரையின் மையம் எனலாம்.

திருக்குறளின் அதிகார வைப்புமுறை இவ்விடத்தில் துணைபுரிகின்றது. பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்னும் ஐந்து அதிகாரங்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. தன் வலியும் மாற்றான் வலியும் எடை போடுதல், தக்க காலம் நோக்குதல், இடம் நோக்குதல், ஆளை ஆராய்தல், ஆராய்ந்தவனிடம் வினையை ஒப்படைத்தல் என்னும் அவ்வரிசை ஒரு பொது மேலாளரின் ஜூலை மாதக் கடமைகளை அப்படியே வகுத்துரைப்பது போல் அமைந்துள்ளது. ஆனால் ஐம்பத்திரண்டாம் அதிகாரமாகிய தெரிந்து வினையாடலுக்கு அடுத்து நிற்பது சுற்றந்தழால். வினைக்குத் தக்கவனைத் தேர்க என்று கூறிமுடித்த உடனே, உறவைத் தழுவுக என்று அந்நூல் கூறுகின்றது. மேலாளர் முன்னைய அதிகாரத்தில் நின்று முடிவெடுக்கின்றார். இரசிகர் இரண்டிற்கும் இடையே நின்று தவிக்கின்றார். அவருக்கு வெற்றியும் வேண்டும்; சுற்றமும் வேண்டும்.

பின்னர் நிகழ்ந்தவை வரலாறு. எஞ்சிய 60 ஆட்டங்களில் பாஸ்டன் 42 வெற்றி கண்டது. அக்டோபரில் யாங்கீஸ் அணிக்கு எதிரான தொடரில் முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்றது. நான்கில் வெல்பவருக்கே தொடர் என்னும் நிலையில், அதற்குமுன் எந்தப் பேஸ்பால் அணியும் அவ்வாறு வீழ்ந்து எழுந்ததில்லை. நான்காம் ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸிலும் பாஸ்டன் ஓர் ஓட்டம் பின்தங்கியிருந்தது. எதிரே பந்துவீசியவர் மரியானோ ரிவேரா. இறுதி இன்னிங்ஸைக் காப்பதில் நிகரற்றவர். அவர் வீச்சில் கெவின் மில்லர் முதல் தளத்தைப் பெற்றார். அவருக்கு மாற்றாக ஓடுவதற்கென்றே டேவ் ராபர்ட்ஸ் களம் இறக்கப்பட்டார். ராபர்ட்ஸ் ஓடப்போகிறார் என்பதை அரங்கில் இருந்தோர் அனைவரும் அறிவர். ரிவேரா மூன்று முறை முதல் தளத்திற்குப் பந்தை எறிந்து அவரைத் தடுக்க முயன்றார். ஆயினும் மட்டையாளரை நோக்கி முதற்பந்து புறப்பட்ட கணமே ராபர்ட்ஸ் பாய்ந்து இரண்டாம் தளத்தைக் கைப்பற்றினார். அடுத்து பில் முல்லர் அடித்த அடியில் அவர் ஓடி வந்து ஆட்டத்தைச் சமன் செய்தார். பன்னிரண்டாவது இன்னிங்ஸில் டேவிட் ஓர்டிஸ் அடித்த ஹோம் ரன் வெற்றியைத் தந்தது. அதன் பின் அவ்வணி அவ்வாண்டு தோற்கவேயில்லை. அக்டோபர் 27ஆம் நாள் 86 ஆண்டு ஏக்கம் தீர்ந்தது.

ராபர்ட்ஸ் அந்த அக்டோபர்ப் போட்டிகளில் ஒருமுறையேனும் மட்டையெடுத்து நிற்கவில்லை. ஆயினும் அவர் ஓடிய அந்த ஓட்டமின்றி அவ்வெற்றியில்லை. நடுப்பருவத்தில் ஓர் அணி பெறக்கூடிய நன்மை பெரும்பாலும் இத்தகைய சிறு நன்மையே. இரசிகர் பெருமரத்தைக் கேட்கின்றார். அணிக்குத் தேவைப்படுவதோ சில வேளைகளில் ஓர் அச்சாணி. ஏழாண்டுகளுக்கு முன், வெற்றியில்லாத ஜூலையில் பெற்ற லோ, அவ்வாண்டின் மூன்று தொடர்களிலும் முடிவை உறுதிசெய்த ஆட்டத்தின் வெற்றிப் பந்துவீச்சாளராக விளங்கினார். வாரிடெக் அவர் வீச்சைப் பிடித்து நின்றார். இறுதி ஆட்டத்தின் கடைசிப் பந்து மின்கேவிச்சின் கையுறையில் அடங்கியது. ஆனால் அடுத்த பருவம் தொடங்கியபோது கப்ரேரா, மின்கேவிச், ராபர்ட்ஸ் ஆகிய மூவருமே அவ்வணியில் இல்லை.

இத்துணைக் கணக்கிலும் விடுபட்டுப்போவது ஒன்றுண்டு. பரிமாறப்படுவது பண்டமன்று, மனிதர். 1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி கர்ட் ஃப்ளட் என்னும் வீரரைப் பிலடெல்பியா அணிக்கு மாற்றியபோது, பன்னிரண்டு பருவங்கள் உழைத்த தம்மை ஒரு சொத்தைப் போல இடம் மாற்றலாகாது என்று அவர் வழக்காடினார். 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆயினும் அடுத்த ஆண்டே, முதன்மை லீக்கில் பத்தாண்டு ஆடி, அவற்றுள் கடைசி ஐந்தாண்டுகளை ஒரே அணியில் கழித்தவரை அவர் இசைவின்றி மாற்றலாகாது என்னும் விதி பிறந்தது. இளையோருக்கு அவ்விதி காப்பாவதில்லை.

2015ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் நியூயார்க் மெட்ஸ் அணியின் அரங்கில் நிகழ்ந்த ஒன்றை இங்கே நினைவுகூர்தல் தகும். வில்மர் ஃப்ளோரஸ் என்னும் 23 வயது வீரர் வெனிசுவேலா நாட்டிலிருந்து பதினாறாம் வயதிலேயே அவ்வணியில் சேர்ந்தவர். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அவர் மில்வாக்கி அணிக்கு மாற்றப்பட்டதாகச் செய்தி பரவியது. அரங்கில் இருந்த இரசிகர்களிடமிருந்தே அவர் அதனை அறிந்தார். களத்தில் நின்றவாறே கண்ணீர் துடைத்தார். புதிய மட்டையாளர் வேண்டும் என்று ஏங்கிய இரசிகர்கள் எழுந்து நின்று அவருக்குக் கைதட்டினர். அந்தப் பரிமாற்றம் கைகூடவில்லை. இரண்டு நாள் கழித்து, கெடு நாளாகிய ஜூலை 31 இரவு, பன்னிரண்டாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து ஃப்ளோரஸே ஆட்டத்தை வென்று கொடுத்தார். அதே நாளில் யோவனிஸ் செஸ்பெடஸ் என்னும் வலிய மட்டையாளரை டெட்ராய்ட் அணியிடமிருந்து மெட்ஸ் பெற்றது. அவ்வாண்டு அவ்வணி உலகத் தொடரை எட்டி, கான்சாஸ் நகர அணியிடம் தோற்றது. செஸ்பெடஸுக்கு ஈடாகச் சென்ற இருவருள் ஒருவரான மைக்கேல் ஃபுல்மர் மறு ஆண்டே அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுக வீரரானார். பெற்றதும் இழந்ததும் இன்றளவும் ஒரே தராசில் ஆடிக்கொண்டிருக்கின்றன.

அவ்வாறாயின் இரசிகர் நம்பிக்கை கொள்ளுதல் தவறோ? அன்று. நம்பிக்கையில்லாத இரசிகர் பருவத்தின் எஞ்சிய அறுபது ஆட்டங்களை எவ்வாறு காண்பார்? ஆனால் அந்நம்பிக்கை, வருபவரின் பெயரோடு செல்பவரின் பெயரையும் சேர்த்தே எழுதும் நம்பிக்கையாக இருத்தல் வேண்டும். பெயர் அறியாத மைனர் லீக் இளைஞன் வெறும் விலைச்சீட்டு அல்லன். அவன் இன்னொரு பாக்வெல்லாகவும் இருக்கலாம். சராசரி குறைந்துபோன பழைய வீரர் வெறும் சுமையல்லர். தெருச் சிறுவர்களின் கால் நுனிகளில் அவர் ஆட்டம் இன்னும் தட்டிக்கொண்டிருக்கலாம். அவர்களை அனுப்பத்தான் வேண்டும் என்ற நிலை வரலாம். 2004 அதற்குச் சான்று. அனுப்புதல் சரியென்று காலம் காட்டிய பின்னரும், அனுப்பியதன் வருத்தம் பொய்யாகிவிடுவதில்லை. இரண்டையும் ஒருங்கே தாங்குவதே முதிர்ந்த அன்பு.

கார்சியாபாரா 2010ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் பாஸ்டன் அணியுடன் ஒரே ஒருநாள் ஒப்பந்தம் செய்துகொண்டார். அவ்வணியின் வீரர் என்னும் பெயரோடு ஓய்வு பெற வேண்டும் என்பதே அவர் விருப்பம். அணி அதற்கு இசைந்தது. அவ்வொப்பந்தத்தால் அணிக்கு ஓர் ஓட்டமும் கூடவில்லை. ஓர் ஆட்டமும் வெல்லப்படவில்லை. சுற்றம் தழுவுவதற்கென்றே செய்யப்பட்ட ஒப்பந்தம் அது.